சீமைக்கருவேலக் கரி சரியாக வரவில்லையா? கோளாறு எங்கே என்று புகையும் சத்தமும் சொல்லும்

ராமநாதபுரம் மாவட்டத்து முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் தலைமுறையாகக் கரிமூட்டம் (விறகை அடுக்கி, இலையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளேயே வேகவிடுவது) போடுகிறவர்களுக்கு இதில் பாதி தெரிந்த விஷயம்தான். சொந்த நிலத்தில் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தை வெட்டி, பழைய எண்ணெய் டிரம் ஒன்றை வாங்கி, அடியில் காற்றுத்துளை போட்டுப் புகைக்குழாய் பொருத்தி, வீடியோ பார்த்துக் கரி போட்டு, ஏதோ ஒன்று தப்பாகப் போய் என்னிடம் படம் அனுப்பிக் கேட்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் படங்களில் கரி இருக்கும், சாம்பல் இருக்கும், கருகிய டிரம் இருக்கும். விறகு மட்டும் இருக்காது. அதனால் நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வெட்டி எத்தனை நாள் ஆச்சு?

கரி கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டே இரண்டுதான். விறகில் ஈரம் இருந்திருக்கும், இல்லையென்றால் போகக்கூடாத நேரத்தில் உள்ளே காற்று போயிருக்கும். கீழே வருகிற கோளாறுகளில் எதைத் தோண்டிப் பார்த்தாலும் கடைசியில் அநேகமாக இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்போம். உங்கள் கோளாறு எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் புகையைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் முதலில் படித்துவிடுங்கள், அது இல்லாமல் மற்றது விளங்காது.

புகை என்ன சொல்கிறது

டிரம்மோ மூட்டமோ, உள்ளே நடப்பது ஒன்றுதான். முதலில் தண்ணீர் வெளியேறுகிறது. அப்போது வருவது அடர்ந்த வெள்ளைப் புகை, பெரும்பாலும் நீராவி. குழாய் வாயில் கையைத் தள்ளிக் காட்டினால் கை நசநசவென்று ஆகும். மரம் முழுக்க 100 டிகிரியைத் தாண்டுகிறவரை இது தொடரும். அப்புறம் மரம் எவற்றால் ஆனதோ அந்தப் பொருள்கள் ஒவ்வொன்றாக உடையும்: 200 டிகிரிக்கு மேல் ஹெமிசெல்லுலோஸ் உடையத் தொடங்கும், 300-ஐத் தாண்டும்போது செல்லுலோஸ் உடையும், லிக்னின் மட்டும் பொறுமையாக ஆரம்பம் முதல் கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டே இருக்கும். 280 டிகிரி வாக்கில் ஒரு திருப்பம் வருகிறது: அதுவரை நாம் சூடு கொடுத்துக்கொண்டிருந்தோம், இனி மரம் தானே சூட்டை வெளிவிடும். இந்தக் கட்டத்தில் புகை மஞ்சளடிக்கும், கண்ணைக் கரிக்கும், தார் நாற்றம் வரும். கடைசியாகப் புகை மெலிந்து நீலமாகி, பின்னால் இருக்கிற பனைமரம் தெரிகிற அளவுக்குத் தெளிவாகும். அதுதான் அடைக்க வேண்டிய நேரம். சந்தேகம் வந்தால் குழாய்க்குப் பின்னால் இருக்கிற ஏதாவது ஒரு பொருளைக் குறி வைத்துக்கொண்டு, அது தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம். தலை வலிக்கிறது, கண் இருட்டுகிறது, குமட்டுகிறது என்றால் அது கரியில் கோளாறு இல்லை, உங்களுக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. உடனே காற்று வருகிற பக்கம் தள்ளிப் போய் உட்காருங்கள், யாராவது மயங்கிக் கிடந்து, எழுப்பியும் எழவில்லை என்றால் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். டிரம்மைத் திறந்ததும் குனிந்து உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். ஆறாத கரியை ஆள் படுக்கிற கொட்டகையில் வைக்காதீர்கள். மண்மூட்டத்தின் மேல் ஏறி மிதிக்காதீர்கள். உள்ளே மரம் சுருங்கிச் சுருங்கி மேல்மண்ணுக்கு அடியில் வெற்றிடம் விழுந்திருக்கும், கால் உள்ளே போனால் முழங்கால் வரை நெருப்பு. மேலே போயே ஆகவேண்டும் என்றால் ஏணியைப் படுக்க வைத்து அதன் மேல் நின்று வேலை பாருங்கள், தனியாக ஒருபோதும் வேண்டாம்.

நாலு மணி நேரமாகியும் வெள்ளைப் புகை நிற்கவில்லை

விறகு பச்சை. இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். 100 கிலோ பச்சை விறகில் 40 கிலோ தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கச் சுமார் 620 கிலோகலோரி வேண்டும். 40 கிலோவுக்கு ஏறக்குறைய 25,000. காய்ந்த விறகு கிலோவுக்கு 4,500 கிலோகலோரி வாக்கில் தரும், ஆக ஐந்தரை கிலோ விறகு போதும் என்று தோன்றும். ஆனால் டிரம்மில் எரிகிற சூடு முழுக்கத் தண்ணீருக்குப் போவதில்லை, பெரும்பகுதி புகையோடும் தகரத்தின் வழியாகவும் வெளியே போய்விடுகிறது. அதனால் உண்மையில் எரிவது அதைப்போல் சில மடங்கு. அந்த விறகு எங்கிருந்து வருகிறது? நீங்கள் கரியாக எடுக்க நினைத்து அடுக்கிய அதே விறகிலிருந்துதான். ஈரத்தோடு போட்டவருக்குக் கரி குறைவதற்கு இதுதான் காரணம், டிரம் இல்லை.

இப்போது பாதியில் நிற்கிறது, என்ன செய்ய? மூடியைத் திறந்து கிளறாதீர்கள். அடித்துளைகளை முழுக்கத் திறந்து வைத்துக் காத்திருங்கள். புகை மஞ்சளடிக்க ஆரம்பித்ததும் துளைகளில் பாதியை மண்ணால் அடையுங்கள். அவ்வளவுதான், இந்தத் தடவை கரி குறையும் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த தடவைக்கு: காய்ந்ததா இல்லையா என்று பார்க்க மீட்டர் எல்லாம் அவசியமில்லை. இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது டக்கென்று கணீரெனக் கேட்கும், ஈரமானது தொப்பென்று கேட்கும். வெட்டுவாயில் நடுவிலிருந்து வெளியே நட்சத்திரம் மாதிரி வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். இதைவிட நம்பகமான வழி, அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்துச் சுண்ணாம்பில் குறி போட்டு, வாரம் ஒரு தடவை தராசில் வைப்பது. இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்கவில்லை என்றால் காய்ந்துவிட்டது. எங்கள் ஊர் வெயிலில் மணிக்கட்டுக் கனமுள்ள கட்டைக்கு ஒன்றரை மாதம் விடுகிறேன். அதைவிடப் பெருத்ததை நெடுக்கப் பிளந்துதான் காயப் போடுவேன், தோலோடு முழுசாகக் கிடந்தால் உள்ளீரம் வெளியே வர வழியில்லை. அடியில் இரண்டு கட்டையைக் குறுக்கே போட்டுத் தரையில் படாமல் அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேலே தார்ப்பாய் போடுங்கள், பக்கவாட்டை மூடாதீர்கள்.

எரிக்கும்போது கரி புகைகிறது, மஞ்சள் தீ நாக்கு நீள்கிறது

இது அரைவேக்காட்டுக் கரி. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு பரோட்டா கடைக்கு நான்கு மூட்டை போட்டேன். மறுநாள் காலையில் இரண்டு மூட்டை வாசலில் திரும்பி வந்து கிடந்தது. கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை, ஒரு துண்டை எடுத்து உடைத்துக் காட்டினார். வெளியே நல்ல கறுப்பு, நடுவில் விரல் அகலத்துக்குக் காப்பித்தூள் நிறம். அது கரியே இல்லை, வறுபட்ட மரம். அடுப்பில் வைத்தால் அது விறகு மாதிரிதான் புகையும்.

எடை ஆசைதான் இதற்கு வழிவிடுகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு கரி போடுகிறவர்களுக்காக வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு: 300 டிகிரியில் நிறுத்தினால் காய்ந்த விறகின் எடையில் 42 சதவீதம் கையில் மிஞ்சும், ஆனால் அதில் நிலைத்த கரிமம் 68 சதவீதம்தான், மீதியில் பெரும்பகுதி புகையாகப் போகிற சரக்கு. 500 டிகிரி வரை விட்டால் எடை 33 சதவீதமாகக் குறையும், கரிமம் 86 சதவீதமாக ஏறும். 700 டிகிரிக்குப் போனால் எடை 30, கரிமம் 92. இவை நல்ல கலனில், கட்டுப்பாட்டோடு செய்தால் வருகிற எண்கள். சாதாரண டிரம்மில் எடை இதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனால் கணக்கின் போக்கு அதேதான்: சீக்கிரம் அடைத்தால் மூட்டை கனக்கும், வாங்கினவன் திரும்ப வரமாட்டான். சமையலுக்கு 450 முதல் 500 டிகிரி வரை போன கரி போதும், அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

சோதிப்பது எளிது. ஒரு துண்டை இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடுங்கள். வெந்த கரி கண்ணாடிச் சில்லு மாதிரி கிணுகிணுக்கும். வேகாதது மரச் சத்தம் போடும். உடைத்த முகம் பளபளவென்று இருக்க வேண்டும், மரத்தின் வளையங்கள் அப்படியே எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும்.

எல்லாத் துண்டுமே அரைவேக்காடு என்றால் சீக்கிரம் அடைத்துவிட்டீர்கள், மஞ்சள் புகையைக் கடைசிப் புகை என்று நினைத்திருப்பீர்கள். பெருத்த துண்டுகள் மட்டும் அரைவேக்காடு, சிறியவை நன்றாக வெந்திருக்கின்றன என்றால் கனம் கலந்து அடுக்கியதுதான் தப்பு. சுள்ளி ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும், தொடைக் கனக் கட்டை அப்போதுதான் தண்ணீரை விட்டிருக்கும், ஒன்றுக்காகக் காத்திருந்தால் இன்னொன்று சாம்பல். ஒரு டிரம்முக்கு ஒரே கனம், இதை விட்டுக்கொடுக்காதீர்கள். குழாய்க்கு நேர் எதிர் ஓரத்தில் மட்டும் வேகவில்லை என்றால் சூடு அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே உள்ள அடித்துளை சாம்பலால் அடைபட்டிருக்கும், ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள்.

வேகாத கொள்ளியை எறியாதீர்கள். தனியாகப் பொறுக்கி வைத்து அடுத்த டிரம்மின் அடியில் போடுங்கள். அதில் ஈரம் அநேகமாக இருக்காது, சீக்கிரம் பிடித்துச் சூட்டைத் தூக்கிவிடும். நல்ல கரியோடு மட்டும் கலந்து மூட்டை கட்டிவிடாதீர்கள், ஒரு துண்டு புகைந்தாலும் மொத்த மூட்டைக்கும் கெட்ட பெயர்.

திறந்து பார்த்தால் பாதி சாம்பல்

இந்தத் தடவை காற்று. சாம்பல் எங்கே இருக்கிறது என்று கிளறுவதற்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மட்டும் வெள்ளைச் சாம்பல் என்றால் மூடி விளிம்பு கசிந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கிண்ணம் மாதிரிக் குழிந்து சாம்பலாகியிருந்தால் அந்தப் பக்கத்துத் துளையோ மடிப்போ திறந்திருந்தது. அடியில் சீராக இரண்டு மூன்று விரல் உயரத்துக்குச் சாம்பல் என்றால் அது கோளாறே இல்லை, டிரம்மில் பற்ற வைக்கிற விறகு அது, போக வேண்டியதுதான். எங்கும் பரவலாகச் சாம்பல், துண்டெல்லாம் மெலிந்து போயிருக்கிறது என்றால் நீலப்புகை வந்த பிறகும் அடைக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க நான் செய்வது: எல்லாத் துளையையும் அடைத்து அரை மணி நேரம் கழித்து, ஒரு ஊதுபத்தியைப் பற்ற வைத்து மூடி விளிம்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோவேன். டிரம் ஆற ஆற உள்ளே இருக்கிற காற்று சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். ஓட்டை உள்ள இடத்தில் ஊதுபத்திப் புகை நூல் பிடித்த மாதிரி உள்ளே போகும். அந்த இடத்தில் மண்ணை அப்புங்கள். வெறும் களிமண் சூட்டில் வெடித்துப் பிளந்துவிடும். களிமண்ணோடு மணலும் கொஞ்சம் சாணியும் நறுக்கின வைக்கோலும் சேர்த்துக் குழைத்தால் நிற்கும். ஆடி மாதக் காற்றில் டிரம் போட்டால் காற்று வருகிற பக்கத்துத் துளைகளை ஆரம்பத்திலேயே பாதி அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கம் மட்டும் கொழுந்துவிட்டு எரியும்.

இன்னொரு வகைச் சாம்பல் உண்டு, அது அடுப்பில்தான் தெரியும். கரி பார்க்க நன்றாக இருக்கும், எரிந்து முடிந்தால் அடுப்பு நிறையச் சாம்பலும் கல் மாதிரி உருகின கட்டியும் மிஞ்சும். தூர்க்கட்டையில் ஒட்டியிருந்த மண்தான் அது. 1877-இல் அன்றைய மதராஸ் மாகாணத்துக் கடப்பாப் பகுதியில் விதைத்த இந்த மரம் பரவின பரவலில், 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட வேண்டியதாயிற்று. மேலே வெட்டினால் தூரிலிருந்து திரும்பத் தழைத்துவிடும் என்பதால் இப்போது இயந்திரத்தை வைத்து வேரோடு பிடுங்குகிறார்கள், அதனால் தூர்க்கட்டை நிறையக் கிடைக்கிறது. கனமான, நின்று எரிகிற அருமையான கரி அதில் வரும். ஆனால் வேர் இடுக்கில் இருக்கிற மண்ணை அரிவாள் முனையால் சுரண்டி, தரையில் தட்டி, ஒரு மழைக்காவது வெளியே போட்டு, மறுபடி காயவைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். வேலை அதிகம்தான், கரி விலையில் அது தெரியும்.

இங்கேயே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கரி நன்றாக வருகிறது என்றவுடன் வரப்போரத்து வேம்பையும் நாட்டுக்கருவேலத்தையும் தொடாதீர்கள். நிலத்தை விடுவிக்க வேண்டிய மரம் ஒன்று கண்ணெதிரே கிடக்கும்போது நிழல் தருகிற மரத்தை டிரம்முக்குள் போட ஒரு நியாயமும் கிடையாது.

மண்மூட்டத்தில் விரிசல், தீ எட்டிப் பார்க்கிறது

மூட்டம் ஆற அமரச் சில நாள் வேகிறது, அதில் ஆபத்தான நேரம் விடியற்காலை. பகலில் ஆள் நிற்கும், ராத்திரி மேல்மண் காய்ந்து விரிசல் விட்டு, மூன்று மணிக்குத் தீ வெளியே வந்து, விடிந்து வந்து பார்த்தால் ஒரு பக்கம் காலி. விரிசல் கண்டவுடன் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது உள்ளே இறங்கி ஆவியாகி மண்ணை இன்னும் பிளக்கும், ஆள் முகத்திலும் அடிக்கும். பக்கத்தில் எப்போதும் ஈரமண் குவியல் ஒன்றைத் தயாராக வைத்திருந்து மண்வெட்டியால் அள்ளிப் போட்டு அதன் முதுகாலேயே தட்டி அமுக்குங்கள். மண்ணுக்கு அடியில் போடுகிற செத்தையும் பச்சை இலையும் மெலிதாக இருந்தால் மண் விறகு இடுக்கில் கொட்டிவிடும், அந்த இடத்தில்தான் முதல் ஓட்டை விழும். ஒரு ஜாண் கனத்துக்குக் குறையாமல் இலை போட்டு மண் போடுங்கள்.

ஒரு பக்கம் சீக்கிரம் உள்வாங்கி, இன்னொரு பக்கம் மொண்ணையாக நிற்கிறது என்றால் தீ ஒரே பக்கம் ஓடுகிறது. உள்வாங்கின பக்கத்துப் புகைத்துளைகளை அடைத்து, நிற்கிற பக்கத்தில் புதுத்துளை குத்துங்கள். தீ காற்றைத் தேடித் திரும்பும்.

கரி நொறுங்கித் தூளாகிறது

இருபது கிலோ எடுத்தால் இரண்டு முதல் நாலு கிலோ தூள் என்றால் சரி, அது எல்லோருக்கும் வருவது. அதற்கு மேல் போனால் மூன்று இடத்தில் பாருங்கள். ஈரக் கட்டையை ஆரம்பத்திலேயே பெருந்தீயில் போட்டிருந்தால் உள்ளே ஆவி வேகமாகக் கிளம்பி மரத்தின் நாரைப் பிளந்துவிடும். அப்படிப்பட்ட கரியில் குறுக்கு வெடிப்பு நிறைய இருக்கும். பூச்சி அரித்த, செல் தின்ற பழைய கட்டை எப்படிப் போட்டாலும் தூள்தான், அதைப் பற்ற வைக்க மட்டும் பயன்படுத்துங்கள். மூன்றாவது, ஆறுவதற்குப் பொறுமை இல்லாமல் தண்ணீர் ஊற்றி அணைத்தது. சூட்டுக் கரியில் தண்ணீர் பட்டால் சிலீரென்று விரிசல் விடும், எடை ஏறும், அடுப்பில் போடும்போது படபடவென்று வெடித்துத் தெறிக்கும். வாடிக்கையாளர் கண்ணில் தெறித்தால் யார் பதில் சொல்வது? தண்ணீர் ஊற்றின கரியை நான் விற்பதில்லை.

ராத்திரி மூட்டை தானாகப் பற்றிக்கொண்டது

இதைப் படிக்கிறவர்களில் ஒருவராவது இந்தப் பகுதியால் தப்பித்தால் போதும். மாலை ஐந்து மணிக்கு டிரம்மைத் திறந்தேன், கை வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை. சாக்கில் கட்டிக் கொட்டகையில் வைத்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு நாய் விடாமல் குரைக்கிறது என்று போய்ப் பார்த்தால் நடு மூட்டை உள்ளுக்குள் செக்கச்செவேலென்று இருக்கிறது, சாக்கு ஓட்டை விழுந்து அதன் வழியாகத் தணல் தெரிகிறது. பக்கத்தில் வைக்கோல். அன்றைக்குக் காற்று இல்லாததால் பிழைத்தோம்.

இரண்டு விஷயம் நடந்திருக்கலாம். ஒன்று, பெருத்த துண்டின் நடுவில் தணல் இருந்திருக்கும், வெளியே தொட்டால் தெரியாது. இன்னொன்று பலருக்குத் தெரியாதது: புதிதாக எடுத்த கரி காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சும், உறிஞ்சும்போது சூடாகும். பரப்பிக் கிடந்தால் அந்தச் சூடு போய்விடும். மூட்டைக்குள் அடைபட்டால், அதிலும் தூள் அதிகமாக இருந்தால், சூடு வெளியே போக வழியின்றி ஏறிக்கொண்டே போய்ப் பற்றிக்கொள்ளும். கப்பலில் கரி போவதற்கான சர்வதேச விதி இதனால்தான் இறுகியிருக்கிறது. கரி, தானே தீப்பற்றும் பொருள் என்ற வகையில் ஐ.நா. எண் 1361-இன் கீழ் வருகிறது. 2026 முதல் அதைச் சாதாரணச் சரக்கு என்று அறிவித்து அனுப்ப முடியாது, பொதுவாக உற்பத்திக்கும் மூட்டை கட்டுவதற்கும் நடுவில் 14 நாள் காற்றாடப் போட்டிருக்க வேண்டும்.

நம் அளவுக்கு: டிரம்மை அடைத்த பிறகு 24 மணி நேரம் திறக்காதீர்கள், மூட்டத்துக்கு அதைவிடப் பல நாள் ஆகும். திறந்ததும் வெட்டவெளியில் ஒரு ஜாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். எவ்வளவு அவசரமானாலும் ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்கக் கிடக்க வேண்டும். அப்புறமும் முதல் சில நாள் மூட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல், நடுவில் இடம் விட்டு, வீட்டுக்கும் வைக்கோலுக்கும் தள்ளி வையுங்கள். சாக்கின் நடுவில் கையை நுழைத்துப் பாருங்கள்; ஓரத்தைவிட நடு வெதுவெதுப்பாக இருந்தால் கொட்டிப் பரப்பிவிடுங்கள், யோசிக்க வேண்டாம்.

கரித்தூளைக் கட்டியாக்கினேன், உடைகிறது, பற்றமாட்டேன் என்கிறது

மிஞ்சின தூளை வீணாக்காமல் கட்டி பிடிக்கிறவர்களுக்கு. பசைக்கு மரவள்ளி மாவுதான் நம் ஊரில் சுலபம், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து வருகிற ஸ்டார்ச். 100 கிலோ தூளுக்கு 5 முதல் 8 கிலோ மாவு. பச்சை மாவைத் தூளில் தூவித் தண்ணீர் தெளித்தால் பிடிக்காது. கூழ் மாதிரி காய்ச்சி, கண்ணாடிப் பதம் வந்த பிறகுதான் தூளில் ஊற்றிப் பிசைய வேண்டும். உடைகிறது என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் இதில்தான் தவறுகிறார்கள். மீதிப்பேர் தூளைச் சலிக்காதவர்கள், மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உள்ள நொய் கலந்தால் அங்கிருந்துதான் பிளக்கும். பதம் பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்குங்கள்: விரல் தடம் பதிந்து உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் வழியக்கூடாது.

பிடித்த அன்றே உச்சி வெயிலில் போட்டால் மேல் தோல் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் நின்று, இரண்டாம் நாள் வெடிக்கும். முதல் நாள் நிழல், அப்புறம் வெயில். வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் காய்வது மெதுவாக இருக்கிறது, மழைக்காலத்தில் பிடிக்காதீர்கள். பற்ற மறுத்தால் பசைக்குப் பதிலாகக் களிமண் அதிகம் சேர்த்திருப்பீர்கள், அல்லது உள்ளே இன்னும் காயவில்லை. நடுவில் ஒரு துளை விட்டுப் பிடித்தால் காற்று ஏறி நன்றாகப் பிடிக்கும். புகைகிறது என்றால் தூளிலேயே கொள்ளித்தூள் கலந்திருக்கிறது, மேலே அரைவேக்காட்டுக் கரி பற்றிச் சொன்னதைப் பாருங்கள்.

புகைக்குழாயில் தார் ஒழுகி அடைக்கிறது

குழாய் நீளமாகவும் குளிர்ந்தும் இருந்தால் தார் படியும். குழாய்த் துண்டுகளை மேல் துண்டு கீழ்த் துண்டுக்குள் இறங்கும்படி சொருகுங்கள், ஒழுகுவது உள்ளேயே டிரம்முக்குத் திரும்பும். ஒவ்வொரு தடவைக்கும் முன் குழாயைக் கழற்றிக் கட்டையால் தட்டினால் போதும். பச்சை விறகுக்குத் தார் அதிகம் படிகிறது, அதுவும் பழைய கதைதான்.

கரியை வயலில் போட்டேன், பயிர் மஞ்சளாகிவிட்டது

எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலை முழுசாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. புதுக் கரி காலிப் பானை மாதிரி, மண்ணில் இருக்கிற சத்தைத் தன் துளைகளுக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நுனியில் உள்ள இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுவெல்லாம் மஞ்சளானால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை, மண்ணின் காரம் ஏறியிருக்கிறது.

இரண்டாவது வகைதான் நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டியது. அமேசான் காட்டில் பழங்குடிகள் கரி கலந்து உண்டாக்கிய கருமண்ணின் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே ஏக்கர் கணக்கில் கொட்டுகிறார்கள். அங்கே உள்ள மண் அமில மண், கரியிலும் சாம்பலிலும் இருக்கிற காரம் அதைச் சரிக்கட்டியது. ராமநாதபுரத்தில் பல இடங்களில் மண் ஏற்கெனவே காரம், கிணற்றுத் தண்ணீரும் உப்பு. அதன் மேல் சாம்பல் கலந்த கரியைப் போட்டால் இருக்கிற இரும்பையும் துத்தநாகத்தையும் பயிர் எடுக்க முடியாமல் போகும். மண்ணைப் பரிசோதிக்காமல் போடவே போடாதீர்கள். கார அமில நிலை (pH) 8-ஐத் தாண்டினால் வயலுக்கு வேண்டாம், அந்தக் கரியை விற்றுவிட்டு அந்தக் காசுக்குத் தொழுவுரம் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

ஏற்கெனவே போட்டாயிற்று, மிளகாய் நுனி வெளிறுகிறது என்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்துச் சாயங்காலம் இலையில் தெளியுங்கள், பத்து நாள் விட்டு மறுபடி ஒரு தடவை. அடி இலை வெளிறியிருந்தால் மக்கிய தொழுவுரமும் மேலுரமும்.

செம்மண் பக்கம் இருப்பவர்கள், மண் அமிலமாக இருந்தால், தாராளமாகப் போடலாம், ஆனால் வெறும் கரியாகப் போடாதீர்கள். சாம்பலைச் சலித்து எடுத்துவிட்டு, கரியைக் கடலைப் பருப்பு அளவுக்கு உடைத்து, மாட்டுக் கோமியத்தில் நனைத்து, இரண்டு பங்கு மக்கிய எருவோடு கலந்து, நிழலில் குவித்துச் சாக்கால் மூடி ஒரு மாதம் வையுங்கள். வாரம் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். கோமிய நெடி மூக்கில் ஏறினால் இன்னும் ஒரு வாரம், முதல் மழை மண்வாசனை வந்தால் வயலுக்குக் கொண்டுபோகலாம்.